கண்காணிப்புக் கிணற்றைத் தெளிவிப்பதும் அளப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாசுபட்டிருக்கலாம் என்று சந்தேகிக்கப்படும் நிலத்தில் நிலத்தடி நீரை ஆராய்வதற்காகத் தோண்டப்படும் கிணறுகளைப் பற்றி நில உரிமையாளர்களும், ஆலைப் பொறுப்பாளர்களும், புதிதாகக் களப்பணிக்கு வந்த மாணவர்களும் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே உள்ளன. இரண்டு ஊர்களை எடுத்துக்காட்டாகக் கொண்டிருக்கிறேன். ஒன்று ராணிப்பேட்டை. அங்கே 1990-களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற, 1.5 லட்சம் டன் அளவில் பேசப்படும் குரோமியக் கழிவு மேட்டுக்கு அடியில் மக்கிய பாறையும் அதற்குக் கீழே கெட்டிப் பாறையும் இருக்கின்றன. மற்றொன்று வடசென்னையின் தண்டையார்பேட்டை. அங்கே 2013-ஆம் ஆண்டு வீட்டு போர்களில் (ஆழ்துளைக் கிணறுகளில்) தண்ணீரோடு எரிபொருள் வாடை வந்தது. அடியில் இருப்பது மணலும் களிமண்ணும் கலந்த வண்டல். ஓர் ஊரில் மாசு தண்ணீரில் கரைந்து செல்கிறது, மற்றோர் ஊரில் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கிணற்றை அமைக்கும் விதமும் அளக்கும் விதமும் இந்த வேறுபாட்டைப் பொறுத்தே மாறுகின்றன.

வளாகத்தில் ஏற்கெனவே ஒரு போர் இருக்கிறதே, அதிலிருந்தே மாதிரி எடுத்தால் என்ன?

எடுக்கலாம், அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா கூடாதா என்ற கேள்விக்கு அது பதில் தரும். மாசு எங்கிருந்து வருகிறது, எந்த ஆழத்தில் நகர்கிறது, எந்தத் திசையில் போகிறது என்ற கேள்விகளுக்குப் பதில் தராது. நம் ஊரில் போடப்படும் வழக்கமான ஆறரை இஞ்ச் போரில் மேல்மண் சரியாமலிருக்க மட்டும் கேசிங் பைப் இறக்கப்படும். அதற்குக் கீழே நூறு, இருநூறு மீட்டர் வரை துளை வெறும் பாறையாகவே விடப்படும். வெவ்வேறு ஆழங்களில் உள்ள வெடிப்புகளிலிருந்து வரும் நீர் எல்லாம் அதில் ஒன்றாகக் கலக்கிறது. மேல்மட்ட வெடிப்பில் மட்டும் குரோமியம் இருந்தால், ஆழத்து நீர் அதை நீர்த்துப்போகச் செய்து, ஆய்வக அறிக்கையில் ஆபத்தில்லாத ஓர் எண்ணைக் காட்டிவிடும். அதைவிடக் கவலைக்குரியது, அந்தத் துளையே மேலிருக்கும் மாசைக் கீழே இறக்கும் குழாயாகிவிடுவது.

கண்காணிப்புக் கிணறு ஒரு குறிப்பிட்ட ஆழத்தின் நீரை மட்டும் உள்ளே விடும்படி அமைக்கப்படுகிறது. பெரும்பாலும் 50 மி.மீ. உள்விட்டமுள்ள பி.வி.சி. குழாய் இறக்கப்படும், அதன் கீழ்ப்பகுதியில் மெல்லிய கீற்றுகள் வெட்டிய ஃபில்டர் பைப் இருக்கும். அதைச் சுற்றிச் சலித்துக் கழுவிய மணல், அந்த மணலுக்கு மேல் தண்ணீர் பட்டால் ஊதி அடைத்துக்கொள்ளும் பெண்டோனைட் களிமண், அதற்கும் மேலே தரைமட்டம் வரை சிமெண்ட் குழம்பு என்று அடுக்கப்படும். குழாய்த் துண்டுகளை மரையிட்டே இணைக்க வேண்டும். பிளம்பர்கள் பூசும் சொல்யூஷனில் உள்ள கரைப்பான்கள் மாதங்கள் கழித்தும் நீரில் கசியக்கூடும். ஆய்வகக் கருவிக்கு அது ஆலைக் கழிவா, பைப் பசையா என்று தெரியாது.

கிணற்றைத் தெளிவிப்பது என்றால் என்ன? அதுதான் தோண்டி முடித்தாயிற்றே?

திறந்த கிணறு வெட்டிய காலத்தில், ஊற்றுக்கண் தென்பட்டதும் வேலை முடிந்துவிட்டதாக யாரும் நினைத்ததில்லை. நாள்கணக்கில் இறைத்து, சேற்றை வாரி, கலங்கல் போய்த் தெளிந்த நீர் சுரக்கும்வரை காத்திருந்தார்கள். களத்தில் டெவலப்மென்ட் என்று சொல்லப்படும் வேலையும் ஏறக்குறைய அதுவே, ஆனால் காரணம் கொஞ்சம் வேறு.

துளையிடும்போது நிலத்தின் இயல்பு குலைகிறது. கெட்டிப் பாறையில் ஹாமர் அடிக்கும்போது மாவு போன்ற பாறைத்தூள் உண்டாகி, நீர் வரவேண்டிய வெடிப்புகளுக்குள் அழுத்தப்படுகிறது. களிமண் கலந்த நிலத்தில் துளையின் சுவர் முழுவதும் பூசி மெழுகியதுபோல் ஒரு படலம் படிகிறது. துளை சரியாமலிருக்கப் பெண்டோனைட் குழம்பையோ லாரித் தண்ணீரையோ ஊற்றியிருந்தால், அதில் ஒரு பகுதி நிலத்துக்குள் இறங்கியிருக்கும். இந்த அந்நியப் பொருள்களை எல்லாம் வெளியே எடுத்து, ஃபில்டர் பைப்பைச் சுற்றிய மணலை ஒழுங்காகப் படியவைத்து, நிலத்தின் நீர் தடையின்றிக் கிணற்றுக்குள் வந்துபோகும் நிலையை ஏற்படுத்துவதே தெளிவித்தல். இது செய்யப்படாத கிணற்றில் எடுக்கும் மாதிரி போர் வண்டியைப் பற்றித்தான் அதிகம் பேசும். லாரித் தண்ணீரில் குளோரின் கலந்திருந்தால், அது மண்ணிலும் நீரிலும் உள்ள கரிமப் பொருளோடு சேர்ந்து உண்டாகும் குளோரோஃபார்ம் அறிக்கையில் வந்து நிற்கும். அதை யார் தலையில் கட்டுவது என்று பிறகு விவாதம் நடக்கும்.

கலங்கலாக வந்தால் ஆய்வகத்தில் வடிகட்டிக்கொள்ள மாட்டார்களா?

இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது, கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

உலோகங்களை அளப்பதற்கான மாதிரிப் புட்டியில், உலோகம் புட்டியின் சுவரில் ஒட்டிக்கொள்ளாமலிருக்க நைட்ரிக் அமிலம் சேர்க்கப்படுகிறது. நீரில் மண்துகள் மிதந்துகொண்டிருந்தால், அந்த அமிலம் துகளில் இயற்கையாகவே ஒட்டியிருக்கும் இரும்பு, மாங்கனீசு, குரோமியம் ஆகியவற்றையும் கரைத்துவிடுகிறது. நிலத்தடியில் துகளோடு அசையாமல் கிடந்த உலோகம் அறிக்கையில் நீரில் கரைந்த உலோகமாகத் தோன்றுகிறது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் மொத்தக் குரோமியத்துக்கு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் என்ற எல்லையை வைத்திருக்கிறது. இவ்வளவு சிறிய எல்லையைத் தாண்டவைக்க ஒரு சிட்டிகைச் சேறு போதும்.

அப்படியானால் ஆய்வகத்துக்குப் போனபின் வடிகட்டினால் என்ன? அமிலம் சேர்த்தபின் வடிகட்டினால் உலோகம் ஏற்கெனவே கரைந்திருக்கும். அமிலம் சேர்க்காமல் கொண்டுபோனால், வழியில் காற்றுப் பட்டு இரும்பு துருவாகப் படிந்து, கரைந்திருந்த வேறு உலோகங்களையும் தன்னோடு இழுத்துக்கொள்ளும். அப்போது எண் குறைவாக வரும். ஆகவே கரைந்த உலோகம் தேவையென்றால் கிணற்றின் அருகிலேயே 0.45 மைக்ரான் வடிகட்டியில் செலுத்தி, அங்கேயே அமிலம் சேர்க்க வேண்டும். ஆறு இணைதிறன் கொண்ட நச்சுக் குரோமியத்தைத் தனியாக அளக்க வேண்டுமானால் அந்தப் புட்டியில் அமிலமே கூடாது. அமிலச் சூழலில் அது மூன்று இணைதிறன் கொண்ட குரோமியமாக மாறிவிடக்கூடும். எனவே அந்தப் புட்டியைப் பனிக்கட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்ப்பது வழக்கம்.

இவ்வளவு கவனமும் எடுத்தாலும், வடிகட்டியைவிட மெல்லிய களித்துகள்கள் அதைத் தாண்டிப் போய்விடுகின்றன. வடிகட்டி, தெளிவிக்காத கிணற்றுக்குப் பரிகாரம் ஆகாது.

போர் வண்டியே கம்ப்ரசர் வைத்து அரை மணி நேரம் ஊதிவிட்டுப் போகிறதே, அது போதாதா?

போர் வண்டிக்காரர்கள் ஃப்ளஷிங் என்று சொல்லும் அந்த வேலை விவசாயக் கிணற்றுக்குப் பொருத்தமானது. பாறைத்தூள் வெளியேறி ஊற்று தெரிந்துவிடும். திருச்செங்கோட்டு வண்டிகளின் வேகத்தையும் திறமையையும் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் சந்தேகத்துக்குரிய நிலத்தில் அந்த முறையை அப்படியே பயன்படுத்துவதில் மூன்று சிக்கல்கள் இருக்கின்றன.

முதலாவது எண்ணெய். கம்ப்ரசரிலிருந்து வரும் காற்றில் அதன் மசகெண்ணெயும், ஹாமர் தேயாமலிருக்க ஊற்றப்படும் எண்ணெயும் பனிபோலக் கலந்திருக்கும். நீங்கள் தேடுவது டீசல் கசிவு என்றால், தேடும் பொருளையே நீங்களே கிணற்றில் தெளித்துவிடுகிறீர்கள். நான் பார்த்த ஓர் ஆலை வளாகத்தில், மாசு இருக்கவே முடியாத மேல்புறக் கிணற்றில், அதாவது நிலத்தடி நீர் வளாகத்துக்குள் நுழையும் பக்கத்துக் கிணற்றில், ஹைட்ரோகார்பன் (எண்ணெயின் கூறு) வந்தது. மூன்று வாரக் குழப்பத்துக்குப் பிறகுதான் ஓட்டுநர் காலையில் ஹாமருக்கு எண்ணெய் ஊற்றிய டப்பா யாருக்கோ நினைவுக்கு வந்தது.

இரண்டாவது காற்று. பென்சீன் போன்ற ஆவியாகும் பொருள்கள் காற்றுக் குமிழியோடு பறந்துவிடும். ஆக்சிஜன் இல்லாத ஆழத்து நீரில் ஆக்சிஜன் புகுந்தால் இரும்பு துருவாகிக் கீற்றுகளில் படியும். நீரின் வேதியியல் பழைய நிலைக்குத் திரும்பப் பல நாள்கள் ஆகலாம்.

மூன்றாவது விசை. ஆறரை இஞ்ச் போருக்கான காற்றழுத்தத்தை 50 மி.மீ. பி.வி.சி. குழாயில் செலுத்தினால் ஃபில்டர் பைப் பிளக்கும்; இல்லாவிட்டால் சுற்றியுள்ள மணல் நகர்ந்து, மேலிருக்கும் பெண்டோனைட் உள்ளே இறங்கிவிடும். அந்த நீரின் பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) பிறகு எப்போதும் நம்பகமாக இருக்காது.

துளையிடும்போது, குழாய் இறக்குவதற்கு முன், பாறைத்தூளை ஊதி எடுப்பதில் தவறில்லை. எண்ணெய் பிடிக்கும் வடிகட்டியைக் காற்றுக் குழாயில் மாட்டச் சொல்லுங்கள். குழாயும் மணலும் இறங்கியபின் வேறு வழியே நல்லது.

அந்த வேறு வழி என்ன?

நீரை ஒரே திசையில் மட்டும் இழுத்தால், மணலுக்கு இடையில் துகள்கள் ஒன்றோடொன்று முட்டுக்கொடுத்துப் பாலம்போல் நின்றுவிடும். தண்ணீர் தெளிந்ததாகத் தோன்றும். அடுத்த முறை பம்பு ஓடும்போது பாலம் உடைந்து மறுபடியும் கலங்கும். அதனால் நீரை உள்ளேயும் வெளியேயும் மாறிமாறித் தள்ள வேண்டும்.

இதற்கான கருவி எளியது. குழாயின் உள்விட்டத்தைவிடச் சற்றே சிறிய ரப்பர் வட்டுகளைத் தண்டில் கோத்த, பிஸ்டன் போன்ற சர்ஜ் பிளாக். முதலில் கிணற்றின் ஆழத்தையும் நீர்மட்டத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பெய்லரை (கயிற்றில் இறக்கி நீர் மொள்ளும் குறுகிய குழாயை) அடிவரை இறக்கி, கெட்டியாகப் படிந்த சேற்றை எடுத்துவிடுங்கள். பிறகு ஃபில்டர் பைப்பின் மேல்முனையிலிருந்து தொடங்கி, ஏறத்தாழ அரை மீட்டர் வீச்சில் பிளாக்கை மெதுவாக மேலும் கீழும் அசைத்துக்கொண்டே படிப்படியாகக் கீழே வாருங்கள். அடியிலிருந்து தொடங்கினால் மேலிருந்து விழும் மணல் பிளாக்கைச் சிக்கவைத்துவிடும். அப்படிச் சிக்கிய பிளாக்கோடு கைவிடப்பட்ட கிணறுகள் உண்டு. சில நிமிடங்கள் அசைத்தபின் பம்பு போட்டு, கிளம்பிய கலங்கலை வெளியேற்றுங்கள். மறுபடியும் அசையுங்கள், மறுபடியும் இறையுங்கள். முதல் சுற்றில் பால் கலந்த தேநீர்போல் வரும் நீர், நான்கைந்து சுற்றுகளில் இளநீர் நிறத்துக்கு வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

தொடங்கும் நேரமும் முக்கியம். சிமெண்ட் குழம்பு இறுகுவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் கொடுங்கள். 48 மணி நேரம் கொடுத்தால் இன்னும் நல்லது. ஈரச் சிமெண்ட் உள்ளே இழுக்கப்பட்டால் நீரின் பி.எச். 11, 12 என்று ஏறி நிற்கும்.

ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிடுகிறேன். எண்ணெய் மிதக்கும் கிணற்றில் பிளாக் வைத்து அசைப்பதைத் தவிர்க்கப் பாருங்கள். எண்ணெயும் நீரும் கடைந்த மோர்போலக் கலந்து, எண்ணெய் படாத ஆழத்து மணலிலும் ஒட்டிக்கொள்ளும். எரிபொருள் இருக்கும் இடத்தில் சாதாரண மோட்டாரும், பக்கத்தில் பற்றவைக்கும் பீடியும் உயிருக்கே ஆபத்து என்பதைப் பணியாளர்களிடம் தினமும் சொல்ல வேண்டியிருக்கிறது.

எவ்வளவு நீரை வெளியேற்ற வேண்டும்?

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். குழாயின் உள்விட்டம் 50 மி.மீ. என்றால் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 1.96 லிட்டர் நீர் நிற்கும். துளை ஆறரை இஞ்ச், அதாவது 165 மி.மீ.; குழாயின் வெளிவிட்டம் 60 மி.மீ.; இடைப்பட்ட மணலில் 30 சதவீதம் வெற்றிடம் என்று கொண்டால், மணலில் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 5.6 லிட்டர் நிற்கிறது. மணல் நிரப்பிய பகுதிக்குள்ளேயே நிற்கும் 5 மீட்டர் உயர நீருக்குக் குழாயில் 9.8 லிட்டர், மணலில் 28 லிட்டர், மொத்தம் 38 லிட்டர் அளவில் ஆகிறது. மணலில் நிற்கும் நீரை மறந்துவிட்டுக் குழாயை மட்டும் கணக்கிடுவதுதான் களத்தில் மிகப் பரவலான பிழை.

மூன்று முதல் ஐந்து மடங்கு வெளியேற்றுவது தொடக்கத்துக்கான ஒரு கைக்கணக்கு. இதில் 114 முதல் 190 லிட்டர் வருகிறது. துளையிடும்போது 400 லிட்டர் லாரித் தண்ணீர் நிலத்துக்குள் காணாமல் போயிருந்தால், குறைந்தபட்சம் அந்த 400 லிட்டரையும் சேர்த்தே எடுக்க வேண்டும். எனவே துளையிடும் நாளில் எத்தனை குடம் ஊற்றினார்கள், எத்தனை திரும்பி வந்தது என்பதை யாராவது ஒருவர் எழுதிவைத்திருக்க வேண்டும்.

எப்போது நிறுத்தலாம்?

மடங்குக் கணக்கு முடிந்துவிட்டது என்பதற்காக நிறுத்தக்கூடாது. நீர் நிலைபெற்றுவிட்டது என்பதற்காக நிறுத்த வேண்டும். பி.எச்., மின்கடத்துதிறன், வெப்பநிலை, கலங்கல் அளவு ஆகியவற்றைச் சில நிமிட இடைவெளியில் தொடர்ந்து அளந்து, மூன்று அளவீடுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவருகின்றனவா என்று பாருங்கள். பி.எச். 0.1-க்குள்ளும், மின்கடத்துதிறன் 3 சதவீதத்துக்குள்ளும் நிற்பது பலரும் ஏற்கும் வரம்பு. கலங்கல், அதை அளக்கும் அலகான என்.டி.யூ.-வில் 10-க்குக் கீழே வந்தால் மகிழ்ச்சி. 5-க்குக் கீழே என்றால் மிக நல்லது.

களிமண் அதிகமான வண்டலில் எவ்வளவு உழைத்தாலும் சில கிணறுகள் 50 என்.டி.யூ.-வில் பிடிவாதமாக நிற்கும். அப்படி நின்றால், மேலும் மேலும் அசைத்து நிலத்தைக் கரைப்பதில் பயனில்லை. என்ன செய்தீர்கள், எவ்வளவு எடுத்தீர்கள், எந்த எண்ணில் நின்றது என்பதை எழுதிவிட்டு, மாதிரி எடுக்கும்போது மிக மெதுவாக இறையுங்கள்.

ஊற்றே இல்லாத கிணற்றை என்ன செய்வது?

மக்கிய பாறையில் இது சாதாரணம். பத்து நிமிடத்தில் வறண்டு, மறுநாள் காலையில்தான் நீர் ஏறும். அப்படிப்பட்ட கிணற்றை ஒரே நாளில் தெளிவிக்க முயலாமல், வறண்டபின் ஏறவிட்டு, மூன்று நான்கு நாள்கள் இதைத் திரும்பச் செய்யுங்கள். வெளியிலிருந்து நல்ல தண்ணீரை ஊற்றிக் கழுவும் யோசனை எல்லா வளாகங்களிலும் யாராவது ஒருவரிடமிருந்து வரும். அதை ஏற்காதீர்கள், ஊற்றிய நீரைத் திரும்ப எடுக்க முடியாத கிணறுதானே அது.

வெளியேற்றும் நீரைப் பக்கத்து வாய்க்காலில் விடலாமா?

விடக்கூடாது. முடிவு வரும்வரை அது மாசுபட்ட நீர் என்றே கருதப்பட வேண்டும். மூடியுள்ள டிரம்களில் பிடித்து, கிணற்றின் எண்ணையும் தேதியையும் எழுதி ஒட்டி, தார்ப்பாய்க்கு அடியில் வையுங்கள். ஆய்வக முடிவைப் பார்த்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்கும் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்புங்கள்.

நீர்மட்டத்தை எப்படி அளப்பது? கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கினால் ஆகாதா?

நீர் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளக் கல் போதும். நீர் எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துகொள்ள மில்லிமீட்டர் அடையாளமிட்ட, நீரைத் தொட்டதும் ஒலி எழுப்பும் மின் அளவு நாடா வேண்டும்.

மூடியைத் திறந்தவுடன் அளக்காதீர்கள். காற்றுப் புகாத மூடியாக இருந்தால் உள்ளே அழுத்தம் கூடியோ குறைந்தோ இருக்கும். நீர்மட்டம் சமநிலைக்கு வர 15 முதல் 30 நிமிடம் விடுங்கள். உட்குழாயின் வாயில் ஒரு வெட்டுக் குறியிட்டு, எல்லா நாளும், எல்லோரும், அந்தக் குறியிலிருந்தே அளக்க வேண்டும். ஒலி கேட்டதும் நாடாவைச் சற்று மேலே தூக்கி மறுபடி இறக்கிப் பாருங்கள். இரண்டு அளவுகளும் 3 மி.மீ.-க்கு மேல் வேறுபட்டால் மூன்றாவது முறையும் அளக்க வேண்டும். பிறகு அடிவரை இறக்கிக் கிணற்றின் ஆழத்தை அளவுங்கள். அது சேற்றைக் கிளப்பும் என்பதால் மாதிரி எடுக்கவிருக்கும் நாளில் அதைக் கடைசியில் செய்யுங்கள். மாசு குறைவான கிணற்றில் தொடங்கி அதிகமான கிணற்றில் முடிப்பதும், இடையில் நாடாவைப் பாஸ்பேட் இல்லாத சோப்பு நீரிலும் பிறகு சுத்தமான நீரிலும் கழுவுவதும் தவறக்கூடாது.

நம் ஊருக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. காலை ஆறு மணிக்கு அக்கம்பக்கத்து வீடுகளில் எல்லாம் மோட்டார் ஓடத் தொடங்கும். ஆறரைக்கு அளந்த கிணறும் பத்தரைக்கு அளந்த கிணறும் ஒரே நிலத்தைப் பற்றிப் பேசுவதில்லை. எல்லாக் கிணறுகளையும் இரண்டு மணி நேரத்துக்குள், முடிந்தால் பிற்பகலில் அளந்துவிடுவது என் வழக்கம்.

குறைந்தது மூன்று கிணறு வேண்டும் என்கிறார்களே, ஏன்?

நீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் போகும், ஆனால் நிலத்தடியின் மேடு பள்ளம் தரையில் தெரிவதில்லை. ஒரு தளத்தின் சரிவை அறிய மூன்று புள்ளிகள் தேவை.

அ, ஆ, இ என்று மூன்று கிணறுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வளாகத்தில் ஒரு நிலையான கல்லைத் தேர்ந்து, அதிலிருந்து ஆட்டோ லெவல் என்ற மட்டம் பார்க்கும் கருவியை வைத்து மூன்று குழாய் வாய்களின் மட்டமும் கணக்கிடப்படுகிறது: அ 100.000 மீட்டர், ஆ 100.350, இ 99.620. நாடாவில் கிடைத்த ஆழங்கள் முறையே 6.420, 6.905, 6.310. ஆழத்தை மட்டும் பார்த்தால் இ-யில்தான் நீர் மேலே இருக்கிறது, அங்கிருந்து ஆ-வை நோக்கி ஓடுகிறது என்று தோன்றும். குழாய் வாயின் மட்டத்திலிருந்து ஆழத்தைக் கழித்தால் 93.580, 93.445, 93.310 என்று வருகிறது. உண்மையில் அ-வில்தான் நீர் உயரத்தில் நிற்கிறது; இ-யில் தாழ்ந்திருக்கிறது.

அ-வுக்கும் இ-க்கும் இடையே 90 மீட்டர் என்றால், ஆ-வின் மட்டமான 93.445 அந்தக் கோட்டின் சரியான நடுவில், 45 மீட்டரில் வருகிறது. அந்தப் புள்ளியையும் ஆ-வையும் இணைத்தால் சமமட்டக் கோடு கிடைக்கும். அதற்குச் செங்குத்தாக, இ இருக்கும் பக்கமாக நீர் நகர்கிறது. இப்போது இ-யை மட்டும் ஒருவர் உட்குழாயின் வாயிலிருந்து அளக்காமல், அதைவிட 15 செ.மீ. உயரமான வெளி இரும்புக் கூட்டின் விளிம்பிலிருந்து அளந்துவிட்டார் என்று கொள்ளுங்கள். இ-யின் மட்டம் 93.160 ஆகிவிடும், சமமட்டப் புள்ளி 45 மீட்டரிலிருந்து 29 மீட்டருக்கு நகர்ந்துவிடும், வரைபடத்தில் அம்புக்குறி வேறொருவர் தோட்டத்தைக் காட்டும். ஒரு சாண் அளவுகூட இல்லாத தவறு இது.

கிணற்றில் எண்ணெய் மிதந்தால் என்ன செய்வது?

எண்ணெய்க்கும் நீருக்கும் வெவ்வேறு ஒலி தரும் இரட்டை உணரி நாடாவைப் பயன்படுத்த வேண்டும். பெட்ரோல் 6.200 மீட்டரில் தொடங்கி, நீர் 6.850 மீட்டரில் தொடங்குகிறது என்றால் எண்ணெயின் தடிமன் 0.650 மீட்டர். எண்ணெயின் எடை நீரைக் கீழே அழுத்திவைத்திருக்கிறது. பெட்ரோலின் ஒப்படர்த்தி (நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 0.74 என்று கொண்டால், 0.650 பெருக்கல் 0.74, அதாவது 0.481 மீட்டரை 6.850-லிருந்து கழித்து, உண்மையான நீர்மட்டம் 6.369 மீட்டர் ஆழத்தில் இருப்பதாகக் கொள்ள வேண்டும். இந்தத் திருத்தம் இல்லாமல் வரையப்பட்ட வரைபடத்தில், எண்ணெய் இருக்கும் இடமெல்லாம் பள்ளமாகத் தெரியும்.

கிணற்றில் 65 செ.மீ. எண்ணெய் என்றால் நிலத்திலும் 65 செ.மீ. எண்ணெய் என்று பொருளல்ல. குழாய் ஒரு திறந்த வெளி; மண்ணோ நுண்துளைகளில் எண்ணெயையும் நீரையும் காற்றையும் கலந்து பிடித்துவைத்திருக்கிறது. குழாயில் தெரியும் தடிமன் பெரும்பாலும் மிகைப்பட்டதே.

இங்கே பருவமும் குறுக்கிடுகிறது. சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு நீர்மட்டம் ஏறி, கோடை முடிவில் இறங்கிவிடும். ஃபில்டர் பைப் கோடை மட்டத்துக்கு ஏற்ப வைக்கப்பட்டிருந்தால், மழைக்குப் பின் எண்ணெய்ப் படலம் கீற்றில்லாத குழாய்ப் பகுதிக்கு வெளியே மிதக்கும். கிணற்றில் எண்ணெய் இல்லை, பிரச்சினை தீர்ந்தது என்று மகிழ்ந்தவர்கள் சித்திரையில் ஏமாந்திருக்கிறார்கள். இரு பருவ மட்டங்களையும் தாண்டி மேலும் கீழும் நீளும்படி ஃபில்டர் பைப்பை அமைக்க வேண்டும். குளோரின் கலந்த கரைப்பான்களில் நிலைமை தலைகீழ். அவை நீரைவிடக் கனமானவை, அடியில் தேங்கும். அந்தச் சந்தேகம் இருந்தால் எதையும் கலக்குவதற்கு முன் அடிப்பகுதியைச் சோதியுங்கள்.

தெளிவித்த அன்றே மாதிரி எடுக்கலாமா?

வேண்டாம். நிலமும் நீரும் மறுபடி சமநிலைக்கு வர அவகாசம் தேவை. ஒரு வாரம் நியாயமான இடைவெளி, இரண்டு வாரம் இன்னும் நல்லது. மாதிரி எடுக்கும் நாளில் குழாயில் தேங்கி நின்ற நீரைத் தவிர்த்து, நிலத்திலிருந்து புதிதாக வரும் நீரைப் பிடிக்க வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 500 மில்லிலிட்டர் என்ற மெதுவான வேகத்தில், நீர்மட்டம் 10 செ.மீ.-க்கு மேல் இறங்காமல் இறைத்து, முன்பு சொன்ன அளவீடுகள் நிலைபெற்றபின் பிடிப்பது இன்று பரவலாக உள்ள முறை. ஒரு டம்ளர் நிறைய ஒரு நிமிடம் ஆகும் வேகம் இது. வேடிக்கை பார்க்க வருபவர்கள் பம்பு கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள்.

ஒருமுறை தெளிவித்தால் நிரந்தரமா?

இல்லை. ஒவ்வொரு முறையும் அளக்கும் ஆழத்தை, அமைத்த நாளின் ஆழத்தோடு ஒப்பிடுங்கள். ஃபில்டர் பைப்பின் பத்தில் ஒரு பங்கு சேற்றால் மூடப்பட்டுவிட்டாலே மறுபடி தெளிவிப்பதைப் பற்றி யோசிக்கலாம். நீர் ஏறும் வேகம் குறைவதும், தெளிவாக இருந்த கிணறு திடீரென்று கலங்குவதும் மற்ற அறிகுறிகள். ஆழம் சட்டென்று குறைந்தால் எப்போதும் சேறுதான் காரணம் என்று நினைக்காதீர்கள். பூட்டில்லாத கிணற்றில் பிள்ளைகள் கல்லைப் போட்டுச் சத்தம் கேட்டுப் பார்ப்பார்கள். நாங்களும் அந்த வயதில் அதைத்தான் செய்தோம். பூட்டு, உயர்த்திய மூடி, சுற்றிலும் வெளிப்புறம் சரியும் சிறு சிமெண்ட் மேடை ஆகிய மூன்றும் செலவு குறைந்த காப்பீடு. மேடை உள்நோக்கிச் சரிந்திருந்தால், மழைநீர் தரையிலுள்ள கழிவைக் கரைத்துக்கொண்டு நேராகக் கிணற்றுக்குள் இறங்கும்.

எதையெல்லாம் எழுதிவைக்க வேண்டும்?

மாசுபட்ட தலங்களை மேலாண்மை செய்வதற்கான விதிகளை ஒன்றிய அரசு 2025-ஆம் ஆண்டு அறிவித்திருக்கிறது. சந்தேகத்துக்குரிய இடம் மாசுபட்ட இடம்தானா என்று முடிவாவது இனி மாதிரி ஆய்வுகளின் அடிப்படையில். அந்த எண்களை எதிர்த்தரப்பு கேள்வி கேட்கவே செய்யும். அப்போது ஆய்வகச் சான்றிதழைவிட அதிகம் புரட்டப்படுவது களக் குறிப்பேடுதான். துளையிட்ட முறை, ஊற்றிய நீரின் அளவும் அது வந்த இடமும், குழாய், மணல், பெண்டோனைட், சிமெண்ட் ஆகியவை நின்ற ஆழங்கள், தெளிவித்த தேதி, ஒவ்வொரு சுற்றிலும் எடுத்த லிட்டர், நீரின் நிறம், வாடை, கருவிகள் காட்டிய எண்கள், கருவியைச் சரிபார்த்த நேரம், அன்று மழை பெய்ததா, பக்கத்தில் மோட்டார் ஓடியதா என்பன அதில் இருக்க வேண்டும். நிறத்தை மஞ்சள் என்று மட்டும் எழுதாதீர்கள். ராணிப்பேட்டை போன்ற இடத்தில் குரோமியத்தின் எலுமிச்சை மஞ்சளும், களிமண்ணின் காவி மஞ்சளும் வேறு வேறு; வெள்ளைக் கோப்பையில் பிடித்து அரை மணி நேரம் வைத்தால் காவி அடியில் படியும், எலுமிச்சை நிறம் அப்படியே நிற்கும். அந்தக் கோப்பையை அளவுகோலோடு படம் எடுத்து, பக்கத்திலேயே கிணற்றின் எண் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள்.